ஒரே எஃகு, ஒரே சுமை, இரண்டு ஆயுள்: க்ரீப் சோதனையில் எதை நம்புவது?

கேள்வி: உலோகச் சோதனைக்கூடம் ஒன்றில் க்ரீப் (சூட்டில், மாறாத சுமையில் உலோகம் மெல்ல நீள்வது) பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். 9 சதவீதம் குரோமியம் கொண்ட எஃகுக் கம்பி ஒன்றிலிருந்து அடுத்தடுத்து வெட்டிய இரண்டு மாதிரிகளை 600 டிகிரி செல்சியஸில், 140 மெகாபாஸ்கல் தகைவில் (குறுக்குப் பரப்பின் ஓர் அலகுக்கு விழும் சுமை) சோதித்தோம். மாதிரியின் விட்டம் 10 மி.மீ., கேஜ் நீளம் (நீட்சியை அளக்கும் நடுப்பகுதி) 50 மி.மீ. முதல் இயந்திரத்தில் இருந்தது 1,420 மணி நேரத்தில் முறிந்தது. இரண்டாவது இயந்திரத்தில் இருந்தது 960 மணி நேரத்திலேயே முறிந்துவிட்டது. குறைந்தபட்ச க்ரீப் வேகம் முதலாவதில் மணிக்கு 0.0028 சதவீதம், இரண்டாவதில் 0.0041 சதவீதம். முதல் இயந்திரத்தில் வெப்பநிலையை அளப்பது புதிய பிளாட்டினம் தெர்மோகப்பிள் (முனையில் இணைத்த இரு உலோகக் கம்பிகள்). இரண்டாவதில் முன்பு சில சோதனைகளில் ஓடிய கே வகை (நிக்கல் கலவைக் கம்பிகள்). இரண்டாவது மாதிரியின் நீட்சி வரைகோட்டில் நாள்தோறும் ஒரு சிறு அலை தெரிகிறது. அந்த மாதிரி கேஜ் நீளத்தின் மேல் முனைக்கு அருகில் முறிந்திருக்கிறது. இரண்டில் எது சரி என்று வாடிக்கையாளர் கேட்கிறார். சராசரியைக் கொடுத்துவிடலாம் என்கிறார் எங்கள் மேலாளர். இந்த முடிவை வைத்து 550 டிகிரியில் இந்த எஃகு எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்கிட்டுத் தரலாமா? மேலும், மூன்றாவது மாதிரி முதல் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது 300 மணி நேர அளவில் மின்சாரம் நின்று, 5 மணி நேரம் கழித்தே வந்தது. அந்தச் சோதனையைக் கைவிட வேண்டுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

முதலில் சராசரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: அதைக் கொடுக்காதீர்கள். 1,420-க்கும் 960-க்கும் நடுவே 1,190 என்று எழுதினால், எந்த மாதிரியும் எட்டியிராத ஓர் ஆயுளை அறிக்கையில் பதிந்தவராவீர்கள். அதைவிடக் கவலைக்குரியது, இரண்டு சோதனைகளில் ஒன்று நீங்கள் எண்ணியிருந்த நிலைமையில் நடக்காமல் போயிருக்கலாம் என்ற செய்தி அந்த ஒற்றை எண்ணுக்குள் மறைந்துபோவது. நல்ல வேளையாக, எங்கே தேட வேண்டும் என்பதற்கான தடயங்களை உங்கள் கடிதத்திலேயே கொடுத்திருக்கிறீர்கள். என் கணிப்பில் சந்தேகம் எஃகின் மீது விழவில்லை. இரண்டாவது மாதிரியின் உண்மையான வெப்பநிலை மீதுதான் விழுகிறது. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைப் படிப்படியாகச் சொன்னால், நீங்களே உங்கள் இயந்திரத்தில் அதைச் சரிபார்த்துக்கொள்ள முடியும்.

மாறாத சுமையின் கீழ் உலோகம் காலப்போக்கில் மெல்ல நீள்வதே க்ரீப் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்த நீட்சியின் வேகம் வெப்பநிலையோடு அடுக்குக்குறி விகிதத்தில் ஏறுகிறது என்பதை எண்களாகப் போட்டுப் பார்க்கும்போதுதான் அதன் கடுமை புரியும். லார்சனும் மில்லரும் 1952இல் வெளியிட்ட சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம். முறிவு நேரத்தை மணியில் எழுதி, அதன் லாக் மதிப்போடு ஒரு மாறிலியைக் கூட்டி, வந்த தொகையைக் கெல்வினில் எழுதிய வெப்பநிலையால் பெருக்கினால், ஒரு குறிப்பிட்ட தகைவுக்கு ஒரே எண்தான் வர வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் இரண்டு ஆயுள்களும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேறுபடுகின்றன. 600 டிகிரி என்பது 873 கெல்வின். மாறிலியை வழக்கம்போல் 20 என்று வைத்தால், 1,420 மணி நேரத்தை 960 ஆகக் குறைக்க ஆறரை டிகிரி கூடினால் போதும். இந்த வகை எஃகுகளுக்கு 30-ஐ ஒட்டிய மாறிலி நன்றாகப் பொருந்துவதைப் பல தரவுகளில் காணலாம். அதை வைத்தால் நாலரை டிகிரியே போதும். 460 மணி நேர வேறுபாடு பார்வைக்குப் பெரிதாகத் தெரிந்தாலும், வெப்பநிலைக் கணக்கில் அது வெறும் ஐந்தாறு டிகிரிதான்.

இதோடு தரநிலைகளின் அனுமதியை ஒப்பிட்டுப் பாருங்கள். க்ரீப் சோதனைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 204, 600 டிகிரி வரையிலான சோதனைகளில் குறித்த வெப்பநிலையிலிருந்து கூடுதலாகவோ குறைவாகவோ 3 டிகிரி வரை விலக இடம் கொடுக்கிறது. அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் இ139 சற்றுக் கண்டிப்பாக, 1,000 டிகிரி வரை 2 டிகிரிதான் அனுமதிக்கிறது. ஒரு மாதிரி 597 டிகிரியிலும் மற்றொன்று 603 டிகிரியிலும் ஓடியிருந்தால், ஐஎஸ்ஓ தரநிலைப்படி இரண்டும் செல்லுபடியாகும் சோதனைகளே. ஆனால் ஆயுளில் உங்களுக்கு வந்த அளவு வேறுபாடு அந்த 6 டிகிரியிலிருந்தே வந்துவிடும். தரநிலைக்குள் இருக்கிறோம் என்பதால் முடிவுகள் ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. எனவே மேலாளரிடமும் வாடிக்கையாளரிடமும் பேசும்போது, இந்த வேறுபாடு சோதனை முறைக்கு வெளியே நிகழ்ந்த அதிசயமன்று என்பதை இந்தக் கணக்கைக் காட்டியே விளக்கலாம்.

ஆயினும் காரணம் வெப்பநிலைதான் என்று முடிவு கட்டும் முன், உலோகமே வேறு விதமாக நடந்துகொண்டிருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு உங்கள் கையிலேயே ஒரு நல்ல கருவி இருக்கிறது. குறைந்தபட்ச க்ரீப் வேகத்தை முறிவு நேரத்தால் பெருக்கினால், ஒரு பொருளுக்கு அந்தப் பெருக்குத்தொகை ஏறக்குறைய மாறாமல் இருக்கும் என்பது மாங்க்மன், கிரான்ட் ஆகியோர் 1956இல் காட்டிய தொடர்பு. உங்கள் முதல் மாதிரிக்கு 0.0028-ஐ 1,420-ஆல் பெருக்கினால் 3.98 வருகிறது, இரண்டாவதற்கு 0.0041-ஐ 960-ஆல் பெருக்கினால் 3.94. இவ்வளவு நெருக்கமாக வந்திருப்பதைப் பார்த்தவுடன் எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாவது மாதிரியில் ஒரு கசடோ, திருகு வெட்டில் கீறலோ, மேற்பரப்பில் குறையோ இருந்து அது முன்கூட்டியே முறிந்திருந்தால், வேகம் முதலாவதைப் போலவே இருக்க, ஆயுள் மட்டும் குறைந்து, பெருக்குத்தொகை சரிந்திருக்கும். இங்கே வேகம் ஏறிய அதே விகிதத்தில் ஆயுள் குறைந்திருக்கிறது. ஆகவே இரண்டும் ஒரே எஃகு, ஒரே விதமான சிதைவு. ஒன்று வேகமாக ஓட்டப்பட்டிருக்கிறது. அப்படி வேகப்படுத்தக் கூடியவை இரண்டே: கூடுதல் தகைவு அல்லது கூடுதல் வெப்பநிலை.

தகைவை முதலில் பார்த்துவிடுவோம், ஏனெனில் அதைச் சரிபார்ப்பது எளிது. க்ரீப் வேகம் தகைவின் ஓர் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது நார்ட்டன் 1929இல் முன்வைத்த விதி. உங்கள் எஃகில் இந்தத் தகைவு நிலையில் அந்த அடுக்கு 12-ஐ ஒட்டி இருப்பதாகக் கொண்டால், ஒன்றரை மடங்கு வேகத்துக்குத் தகைவு 3.3 சதவீதம் கூடினால் போதும். விட்டத்தை அளந்ததில் பிழை என்றால், 10 மி.மீ. மாதிரியில் அது 0.16 மி.மீ. இருக்க வேண்டும், மைக்ரோமீட்டர் கையில் எடுத்த யாரும் அவ்வளவு தவறவிட மாட்டார்கள். சுமையில் பிழை என்றால்? உங்கள் மாதிரிக்குத் தேவையான சுமை ஏறத்தாழ 11 கிலோநியூட்டன். தட்டிலுள்ள எடையின் இழுப்பைப் பெருக்கும் நெம்புகோலின் விகிதம் பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் தட்டில் சுமார் 112 கிலோ எடை இருக்கும், அதில் 3.3 சதவீதம் என்பது கிட்டத்தட்ட நாலு கிலோ. எடைக்கற்களை எண்ணியதில் அவ்வளவு தவறு நேர்வது அரிது. ஆனால் கத்திமுனைத் தாங்கி தேய்ந்திருந்தாலோ, மாதிரி நீள நீள நெம்புகோல் சாய்ந்து, அதைச் சமநிலைக்குக் கொண்டுவரும் மோட்டார் சரியாக வேலை செய்யாமல் இருந்தாலோ, விகிதமே மாறிவிடும். மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் அளவீடு செய்யப்பட்ட லோட் செல் (சுமையை அளக்கும் உணரி) ஒன்றை மாட்டி, அதே எடையை ஏற்றிப் பார்த்தால் அரை நாளில் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். இதைச் செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம்.

லோட் செல்லை மாட்டும்போதே அச்சுப் பொருத்தத்தையும் பார்த்துவிடுங்கள். சுமையின் கோடு மாதிரியின் மையத்திலிருந்து 0.1 மி.மீ. விலகினாலே, 10 மி.மீ. விட்டத்தில் ஒரு பக்கத்துத் தகைவு 8 சதவீதம் கூடிவிடும். நெகிழும் தன்மையுள்ள எஃகில் க்ரீப் நடக்க நடக்க இந்த ஏற்றத்தாழ்வு ஓரளவு தானே சமன்படும் என்பதால், உங்கள் வழக்கில் இதை முதன்மைக் காரணமாக நான் கருதவில்லை. நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டரின் இரு பக்க அளவுகளையும் தனித்தனியாகப் பதிவு செய்திருந்தால் அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகின என்று பாருங்கள். சராசரியை மட்டும் பதிவு செய்யும் வழக்கம் இருந்தால் இன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி வெப்பநிலை. முறிவு மேல் முனைக்கு அருகில் நிகழ்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நிமிர்ந்து நிற்கும் குழாய் உலையில் கீழிருந்து குளிர்ந்த காற்று புகுந்து, சூடேறி மேலே போய்க்கொண்டே இருக்கும். வாய்களைச் செராமிக் கம்பளியால் அடைக்காவிட்டால், அல்லது முந்தைய சோதனையில் அடைத்தது நாளடைவில் தளர்ந்திருந்தால், மாதிரியின் மேல் பகுதி கீழ்ப் பகுதியைவிடச் சில டிகிரி கூடுதல் சூட்டில் நிற்கும். நடுவில் கட்டிய தெர்மோகப்பிள் 600 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே மேல் முனை 605-இல் இருக்கலாம். மூன்று மண்டல உலையாக இருந்தாலும், மேல் மண்டலத்துக்கான அமைப்பைப் பல மாதங்களாக யாரும் தொடாமல் விட்டிருந்தால் இது நேரும்.

உடைந்த துண்டுகளைத் தூக்கி எறியவில்லை என்று நம்புகிறேன், ஏனெனில் அவை பேசும். முறிவிடத்தில் உருவான கழுத்தை விட்டுவிட்டு, கேஜ் நீளம் முழுவதிலும் 5 மி.மீ. இடைவெளிக்கு ஒருமுறை விட்டத்தை அளந்து, தாளில் வரிசையாக எழுதுங்கள். சீரான வெப்பநிலையில் ஓடிய மாதிரியில் அந்த எண்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். கீழிருந்து மேலாகப் படிப்படியாக மெலிந்துகொண்டே போனால், மாதிரி தன் நீளவாக்கில் எந்தெந்தச் சூட்டை உணர்ந்தது என்பதைத் தானே பதிவு செய்துவைத்திருக்கிறது என்று பொருள். மேல் முனையிலும் கீழ் முனையிலும் படிந்த ஆக்சைடு படலத்தின் நிறத்தையும் தடிமனையும் ஒப்பிடுவதும் உதவும். முதல் மாதிரியையும் இதே போல் அளந்து பக்கத்தில் வையுங்கள். பல சமயம் இந்த இரண்டு எண் வரிசைகளே விவாதத்தை முடித்துவைத்துவிடும்.

அடுத்து, தெர்மோகப்பிள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அனுபவமுள்ள சோதனைக்கூடங்களிலும் இதில் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. மின்னழுத்தம் முனையில் இரு கம்பிகளையும் இணைக்கும் சிறு மணியில் பிறக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கம்பியின் நீளத்தில், வெப்பநிலை மாறிக்கொண்டே வரும் பகுதியில்தான் பிறக்கிறது. அதாவது உலையின் உள்ளிருந்து வெளியே வரும் அந்தச் சில அங்குல நீளத்தில். கே வகைக் கம்பி நீண்ட நேரம் சூட்டில் இருந்தால் அதன் உலோக அமைப்பும் மேற்பரப்பு வேதியியலும் மாறுகின்றன. குறிப்பாக 250 முதல் 550 டிகிரி வரையிலான பகுதியில் அணு வரிசை மாறுவதால் வெளியீடே சற்று நகர்ந்துவிடும். முன்பு ஒரு சோதனையில் உலையின் நடுவே இருந்த கம்பிப் பகுதி, அடுத்த சோதனையில் வேறு ஆழத்தில் கட்டப்படும்போது வெப்பநிலைச் சரிவுக்குள் வந்து விழுகிறது. அப்போது அது காட்டும் எண், அந்தக் கம்பி புதிதாக இருந்தபோது கொடுத்த அளவீட்டுச் சான்றிதழுக்குக் கட்டுப்பட்டதாக இராது.

இதனால் இன்னொரு சிக்கலும் எழுகிறது. பழைய கம்பியை எடுத்துக்கொண்டு போய் அளவீட்டு உலையில் வைத்துச் சோதித்தால் அங்கே அது சரியாகக் காட்டலாம், ஏனெனில் அங்கே வேறு பகுதி சரிவில் இருக்கிறது. அந்தச் சான்றிதழோடு திரும்பி வந்து பழைய இடத்தில் மாட்டினால் பிழை மீண்டும் தலைகாட்டும். ஆகவே நான் பரிந்துரைப்பது, இரண்டாவது இயந்திரத்திலேயே, அதே உலையில், அதே ஆழத்தில், ஒரு பழைய மாதிரியைப் பொருத்தி, அந்த கே வகை தெர்மோகப்பிளோடு அளவீடு செய்யப்பட்ட புதிய பிளாட்டினம் தெர்மோகப்பிளையும் ஒட்டினாற்போல் கட்டி, 600 டிகிரியில் ஒரு நாள் நிறுத்திப் பார்ப்பது. பழையது 600 காட்டும்போது புதியது 604 அல்லது 605 காட்டினால், 960 மணி நேரத்துக்கான காரணத்தின் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. சுமை ஏற்றத் தேவையில்லை, செலவும் குறைவு. இதைச் செய்யும் வரை அந்தப் பழைய கம்பியின் நுனியை வெட்டவோ தூக்கிப் போடவோ கூடாது.

எதிர்காலத்துக்கும் ஒரு வார்த்தை. கே வகையைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஒரு சோதனைக்குப் பயன்படுத்திய கம்பியை அப்படியே அடுத்ததற்குக் கட்டுவதுதான் தவறு. சூட்டில் இருந்த பகுதியை முழுவதுமாக வெட்டி நீக்கிவிட்டுப் புது மணி போட வேண்டும், அல்லது புதிய கம்பியே போட வேண்டும். ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டும் சோதனைகளுக்குப் பிளாட்டினம்–ரோடியம் வகையே என் தேர்வு. விலை கூடுதல்தான், ஆனால் நாற்பது நாள் ஓடிய ஒரு சோதனை பயனற்றுப் போவதன் இழப்போடு ஒப்பிட்டால் அது பெரிதன்று. மணி மாதிரியின் மேல் அழுந்தப் படிந்திருக்க வேண்டும். உலைச் சுவரின் கதிர்வீச்சு அதன் மேல் நேராக விழாதபடி செராமிக் கயிற்றால் மூடியிருக்க வேண்டும். மூடாத மணி சுவரின் சூட்டையும் சேர்த்து வாங்கி, மாதிரியைவிடக் கூடுதலாகக் காட்டும். 50 மி.மீ. கேஜ் நீளத்துக்கு மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களில் கட்டுவதே பாதுகாப்பு.

நாள்தோறும் தெரியும் அந்த அலையை நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். என் கண்ணில் அது முக்கியமான தடயம். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று தீங்கு குறைந்தது. எக்ஸ்டென்சோமீட்டரின் தண்டுகள் உலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, அறையின் சூடு ஏறி இறங்கும்போது தானும் நீண்டு சுருங்கும். 300 மி.மீ. எஃகுத் தண்டு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3.5 மைக்ரான் நீளும். தண்டுகளின் அமைப்பு அதை ஈடுகட்டாவிட்டால், 50 மி.மீ. கேஜ் நீளத்தில் அது 0.007 சதவீதத் திரிபாக, அதாவது நீளத்தோடு ஒப்பிட்ட நீட்சியாகத் தோன்றும். அறை வெப்பநிலை பகலுக்கும் இரவுக்கும் இடையே 4 டிகிரி மாறினால் 0.028 சதவீதம். பன்னிரண்டு மணி நேரத்தில் வரும் அந்தப் போலி நீட்சி, மணிக்கு 0.0023 சதவீதம் என்ற வேகத்துக்குச் சமம். நீங்கள் அளந்த 0.0041-இல் அது பாதிக்கு மேல். எனவே குறைந்தபட்ச வேகத்தை அரை நாள் தரவிலிருந்து எடுத்திருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. பல முழு நாள்களின் தரவில் நேர்கோடு பொருத்தி மீண்டும் கணக்கிடுங்கள். மேலே நான் போட்ட மாங்க்மன்–கிரான்ட் கணக்கும் அந்த எண்ணைச் சார்ந்தே நிற்கிறது என்பதால், இதைத் தவறாமல் செய்ய வேண்டும்.

இன்னொரு காரணம் உண்மையிலேயே தீங்கானது. தெர்மோகப்பிளின் குளிர்முனையை (கம்பிகள் கருவியோடு இணையும், அறைச் சூட்டில் உள்ள முனையை) ஈடுகட்டும் அமைப்பு சரியாக இல்லாவிட்டால், அறை சூடேறும்போது கட்டுப்பாட்டுக் கருவி ஏமாந்துபோய் உலையின் சூட்டையே மாற்றிவிடும். ஆனால் திரையில் 600 என்ற எண் அசையாமல் நிற்கும். அதாவது அளவீடு நிலையாக இருக்க, மாதிரி நாள்தோறும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி, உறைபனி நீரில் குளிர்முனையை வைத்த தனியான தெர்மோகப்பிள் ஒன்றை அதே மாதிரியில் கட்டி, வேறொரு மீட்டரில் இரண்டு நாள் பதிவு செய்வது. அந்தப் பதிவிலும் அலை தெரிந்தால் குற்றம் கட்டுப்பாட்டுக் கருவியினுடையது, தெரியாவிட்டால் எக்ஸ்டென்சோமீட்டரினுடையது. எதுவாயினும் சோதனை அறையின் வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஏற்பாடு உங்களுக்குத் தேவை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இந்த இரண்டு புள்ளிகளிலிருந்து 550 டிகிரிக்கான ஆயுளைக் கணக்கிட்டுத் தரலாமா? தரக் கூடாது என்பதே என் பதில். முதல் மாதிரியின் 1,420 மணி நேரத்தையே சரியானதாக வைத்துக்கொள்வோம். லார்சன்–மில்லர் மாறிலி 20 என்றால், அதே தகைவில் 550 டிகிரிக்கு சுமார் 36,000 மணி நேரம் வருகிறது. மாறிலி 30 என்றால் அதே கணக்கு சுமார் 1,47,000 மணி நேரத்தைத் தருகிறது. முந்தையது நான்கு ஆண்டுகள், பிந்தையது பதினாறு ஆண்டுகளுக்கு மேல். சோதனை ஒன்று, சூத்திரம் ஒன்று, மாறிலி மட்டும் வேறு. விடை நான்கு மடங்கு விலகுகிறது. அந்த மாறிலியைப் பாடநூலிலிருந்து எடுக்கலாகாது. பல வெப்பநிலைகளில், பல தகைவுகளில் முறித்த மாதிரிகளின் தரவிலிருந்து அந்தப் பொருளுக்கென்று பொருத்தி எடுக்க வேண்டும். இரண்டு மாதிரிகளும் ஒரே வெப்பநிலையில் ஓடியிருப்பதால், அந்த மாறிலியைப் பற்றி அவை ஒன்றுமே சொல்வதில்லை.

கணக்கைவிட ஆழமான தடை ஒன்று உண்டு. 9 முதல் 12 சதவீதம் குரோமியம் கொண்ட எஃகுகளின் வலிமை, அவற்றின் நுண்ணிய உள்வரியமைப்பிலும், அதைப் பிடித்து நிறுத்தும் மிகச் சிறிய கார்பைடு, நைட்ரைடு துகள்களிலும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான மணி நேரம் சூட்டில் இருக்கும்போது சில துகள்கள் பருத்துப்போகின்றன. சில கரைந்து, அவற்றின் இடத்தில் வலிமைக்கு உதவாத வேறு துகள்கள் உருவாகின்றன. அந்த மாற்றம் நிகழ்வதற்கு முன்பே முறிந்துவிடும் குறுகிய சோதனைக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. உயர்ந்த தகைவில் 12 போன்று இருக்கும் நார்ட்டன் அடுக்கு, தகைவு குறையும்போது கணிசமாக இறங்குவதும் இதனோடு தொடர்புடையதே. உயர் தகைவுப் புள்ளிகள் வழியே நேர்கோடு இழுத்து நீட்டினால் ஆயுள் எப்போதும் கூடுதலாகவே தெரியும். இந்த வகை எஃகுகள் சிலவற்றுக்கு ஆரம்பத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நீண்டகால வலிமை மதிப்புகள், நீண்ட சோதனைகளின் முடிவுகள் வந்த பின் குறைக்கப்பட்டதன் பின்னணி இதுதான். இந்த மதிப்புகளை நம்பித்தான் கொதிகலன் குழாய்களின் தடிமன் முடிவாகிறது என்பதால், இதில் தாராளம் காட்டுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

கையிலுள்ள மிக நீண்ட சோதனையின் காலத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீட்டிக் கணிக்க வேண்டாம் என்பது துறையில் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. ஒரு லட்சம் மணி நேரத்துக்கான, அதாவது பதினொன்றரை ஆண்டுகளை ஒட்டிய காலத்துக்கான மதிப்பு வேண்டுமென்றால், முப்பதாயிரம் மணி நேரத்தைத் தாண்டிய முறிவுகள் கையில் இருக்க வேண்டும். ஜப்பானின் தேசியப் பொருளறிவியல் நிறுவனத்தில் 1969இல் தொடங்கிய கார்பன் எஃகுச் சோதனை ஒன்று நாற்பது ஆண்டுகளைக் கடந்து ஓடியிருக்கிறது. அத்தகைய பொறுமைக்கு மாற்றாகச் சூத்திரம் எதுவும் இல்லை. உங்கள் வாடிக்கையாளருக்கு உண்மையில் தேவைப்படுவது தன் எஃகு வழக்கமான தரத்தில் இருக்கிறதா என்ற உறுதியாக இருக்கலாம். அப்படியானால், அதே வகை எஃகுக்கு வெளியிடப்பட்டுள்ள நீண்டகாலத் தரவின் சிதறல் பட்டைக்குள் உங்கள் புள்ளி எங்கே விழுகிறது என்று காட்டுவது நேர்மையான, பயனுள்ள விடையாகும்.

மூன்றாவது சோதனையைக் கைவிட வேண்டியதில்லை. ஒரே ஒரு முறை, 5 மணி நேரம் சூடு தணிந்ததால் இந்த எஃகின் முறிவு ஆயுள் பெரிதாக மாறப் போவதில்லை. நெம்புகோல் இயந்திரத்தில் மாதிரி சுருங்கினாலும் சுமை மாறாது என்பதால், சுமையை எடுக்காமல் விட்டிருந்தால் அதுவே நல்லது. முக்கியமான ஆபத்து மின்சாரம் திரும்பிய பிறகுதான்: உலை வேகமாக ஏறி, 600-ஐத் தாண்டி 615 வரை போய்விட்டுக் கீழே இறங்கியிருந்தால், குளிர்ந்ததைவிட அந்த அரை மணி நேரமே கூடுதல் கேடு செய்திருக்கும். பதிவை எடுத்துப் பாருங்கள். 603-ஐத் தாண்டவில்லை என்றால், வெப்பநிலை வரம்புக்குக் கீழே இருந்த நேரத்தைக் கழித்துவிட்டுச் சோதனையைத் தொடருங்கள். தடையின் நேரத்தையும் கால அளவையும் அறிக்கையில் குறிப்பிடுங்கள். திரிபு வரைகோட்டில் தடைக்கு முன்னும் பின்னும் ஒரு சிறு படி தெரியலாம். அதைச் சமன்செய்து அழகுபடுத்த வேண்டாம், உள்ளபடியே இருக்கட்டும். தாண்டியிருந்தால், முறிவு வரை ஓட விடுங்கள், ஆனால் அந்த முடிவை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாகக் காட்டுங்கள்.

வாடிக்கையாளருக்கு இப்போது இப்படி எழுதலாம்: 1,420 மணி, 960 மணி என்ற இரண்டு முடிவுகளையும், ஒவ்வொன்றிலும் பயன்படுத்திய தெர்மோகப்பிளின் வகையையும் முன்வரலாற்றையும், முறிவின் இடத்தையும், மறுகணக்கிட்ட குறைந்தபட்ச வேகத்தையும் அப்படியே தாருங்கள். இரண்டாவது இயந்திரத்தின் வெப்பநிலை அளவீடு சரிபார்ப்பில் இருப்பதாகச் சொல்லி, லோட் செல் சோதனையும் இரட்டைத் தெர்மோகப்பிள் சோதனையும் முடியும் தேதியைக் குறிப்பிடுங்கள். பிழை உறுதியானால் இரண்டாவது சோதனையை 600 டிகிரிக்கானது என்ற பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, அதே கம்பியிலிருந்து நான்காவது மாதிரியை வெட்டி, புதிய பிளாட்டினம் தெர்மோகப்பிள் மூன்றைக் கட்டி, உலை வாய்களை அடைத்து, அதே இரண்டாவது இயந்திரத்தில் ஓட்டுங்கள். அது முதலாவதை ஒட்டி வந்தால் இயந்திரம் மீண்டும் நம்பிக்கைக்குரியதாகும். பிழை எதுவும் தென்படாவிட்டால், இரண்டையும் செல்லுபடியாகும் முடிவுகளாகவே வைத்துக்கொண்டு, வடிவமைப்புக்கு 960-ஐ ஏற்கும்படி வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.